பொந்தியானில் வீடு வாங்கிக் குடியேறப் போறீங்களா? கையெழுத்துக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஜொகூர் பாருவிலும் ஸ்கூடாயிலும் வீட்டு விலை ஏற ஏற, குடும்பங்களின் பார்வை இப்போது மேற்குப் பக்கம் திரும்பியிருக்கிறது. அதே விலைக்குப் பெரிய வீடு, முன்னால் இரண்டு காடி நிறுத்த இடம், கடல் காற்று, நெரிசல் இல்லாத ஊர். பொந்தியானைப் பற்றி இப்படிச் சொல்லப்படுவது பெரும்பாலும் உண்மைதான்.

ஆனால் வீடு மலிவாக இருப்பதற்குச் சில காரணங்கள் இருக்கு. தூரம் ஒன்று, மண் ஒன்று, தண்ணீர் ஒன்று. இவற்றைத் தெரிந்துகொண்டு வந்தால் பொந்தியான் நல்ல ஊர். தெரியாமல் வந்தால், விலையில் மிச்சம் பிடித்ததை மாதாமாதம் வேறு வழியில் கட்டிக்கொண்டிருப்பீர்கள். 35 ஆண்டுக் கடனில் கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும் என்பதை இங்கே ஒவ்வொன்றாக விளக்குகிறோம்.

பொந்தியான்னு சொல்றது எந்த இடம்?

பொந்தியான் என்பது ஜொகூரின் தென்மேற்கில் உள்ள ஒரு மாவட்டம். அதன் தலைநகர் பொந்தியான் கெச்சில். கிழக்கே, ஸ்கூடாய் வழியில் பெக்கான் நனாஸ். வடக்கே கடலோரமாக ஆயர் பாலோய், பெனுட். தெற்கே மீனவக் குடியிருப்பும் கடலுணவுக் கடைகளும் உள்ள குக்குப். அதற்கும் தெற்கே ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையான தஞ்சோங் பியாய்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதே கணக்கெடுப்பில் ஜொகூர் பாரு மாவட்டத்தில் 17 லட்சம் பேர். பொந்தியான் இன்னமும் சின்ன ஊர்தான்.

விளம்பரத்தில் 'பொந்தியான்' என்று மட்டும் போட்டிருந்தால், எந்த முக்கிம் என்று முதலில் கேளுங்கள். பெக்கான் நனாஸில் உள்ள வீடும் பெனுட்டில் உள்ள வீடும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போகிறவருக்கு இரண்டும் முற்றிலும் வேறு வாழ்க்கை.

ஏன் இப்போ இவ்வளவு பேச்சு?

இரண்டு காரணங்கள். முதலாவது இஸ்கண்டார் மலேசியா. 2006-ல் அறிவிக்கப்பட்ட அந்த வளர்ச்சி வட்டாரத்துக்குள் பொந்தியான் மாவட்டத்தின் ஒரு பகுதி தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. இரண்டாவது, ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலம். அதற்கான ஒப்பந்தம் 2025 ஜனவரி 7-ஆம் தேதி பரிமாறிக்கொள்ளப்பட்டது. முதல் ஐந்து ஆண்டுகளில் 50 திட்டங்களும் 20,000 திறன்மிக்க வேலைகளும் இலக்கு. மண்டலத்தின் பிரிவுகளில் ஒன்று தஞ்சோங் பெலெபாஸ் - தஞ்சோங் பின். இதில் தஞ்சோங் பின் பொந்தியான் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே ஏற்கனவே பெரிய நிலக்கரி மின் நிலையம் இயங்குகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த 20,000 என்பது மண்டலம் முழுமைக்குமான எண். அதில் எத்தனை வேலை உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் வரும் என்பதை விற்பனையாளர் சொல்ல மாட்டார். வேலை கையில் இருந்தால் அந்த இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். வரப்போகும் வேலையை நம்பி வீடு வாங்காதீங்க.

வரைபடமும் ஏமாற்றும். தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகமும் தஞ்சோங் பின்னும் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். நடுவில் சுங்கை பூலாய் ஆற்றின் முகத்துவாரம் இருக்கிறது. தரைவழியாகப் போகிறவர் வடக்கே பெக்கான் நனாஸ் பக்கம் ஏறிச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். துறைமுகத்தில் வேலை செய்கிறவர் 'எதிர்க்கரைதானே' என்று நினைத்து குக்குப் பக்கம் வீடு பார்த்தால் தினமும் சுற்றுவார்.

தினமும் போய் வர எவ்வளவு செலவு?

பொந்தியான் கெச்சிலிலிருந்து ஜொகூர் பாரு நகரம் சுமார் 60 கிலோமீட்டர். முக்கியப் பாதை கூட்டரசு சாலை 5, அதாவது ஸ்கூடாய் - பொந்தியான் சாலை. டோல் கிடையாது. ரயிலும் கிடையாது. கே.டி.எம் தண்டவாளம் கூலாய், குளுவாங் வழியாகப் போகிறதே தவிர, பொந்தியான் பக்கம் வருவதில்லை. பஸ் இருக்கு. ஆனால் உங்கள் வேலை முடியும் நேரத்துக்குப் பிறகு பஸ் உண்டா என்பதை நிலையத்திலேயே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வட்டி 4 விழுக்காடு, தவணை 35 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கடன் 1 லட்சம் வெள்ளி குறைந்தால், மாதத் தவணை சுமார் 440 வெள்ளி குறையும். பொந்தியானில் வாங்குவதால் கிடைக்கும் லாபம் இதுதான் என்று கொள்ளுங்கள்.

இனி மறுபக்கம். ஒருவர் தினமும் 120 கிலோமீட்டர், மாதம் 22 நாள் ஓட்டினால் 2,640 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் காடி என்றால் மாதம் 185 லிட்டர். லிட்டர் 2 வெள்ளி என்று போட்டால்கூட 370 வெள்ளி. இது பெட்ரோல் மட்டும். வருடத்துக்கு 31,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் காடிக்கு வருடம் மூன்று முறையாவது சர்வீஸ் வேண்டும், டயர் சீக்கிரம் தேயும். கணவனும் மனைவியும் தனித்தனிக் காடியில் போனால் பெட்ரோலே 740 வெள்ளி. அந்த 440 எங்கே போச்சு?

நீங்கள் ஏற்கனவே ஸ்கூடாயிலோ மாசாயிலோ இருந்துகொண்டு வேலைக்குப் போகச் செலவழிப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம்தான் உண்மையான கூடுதல் செலவு. ஒருவர் மட்டும் தூரம் போகிறார், மற்றவர் பொந்தியானிலேயே வேலை செய்கிறார் என்றால் கணக்கு உங்களுக்குச் சாதகமாக மாறலாம்.

பணத்தைவிட நேரம் பெரிய விஷயம். ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் மாதம் 55 மணி நேரம் ரோட்டில் போகும். சிங்கப்பூரில் வேலை என்றால் குடிநுழைவு வரிசை தனி. இரண்டாவது பாலம் வழியாக துவாஸ் போகிறவர்களுக்குப் பெக்கான் நனாஸ் பக்கம் ஓரளவு ஒத்துவரும். 2026 இறுதியில் முடிக்கத் திட்டமிடப்பட்ட ஆர்.டி.எஸ் ரயில் புக்கிட் சாகாரிலிருந்துதான் கிளம்புகிறது. பொந்தியான்வாசி அதைப் பிடிக்க முதலில் ஜொகூர் பாரு நகருக்குள் போயாகணும்.

ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு. சாலையைச் சோதிக்க ஒரு திங்கள்கிழமை காலையைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஷோ ஹவுஸ் பார்க்கப் போன வேகம் திங்கள் காலையில் கிடைக்காது.

மண்ணைப் பற்றி ஏன் கேட்கணும்?

பெக்கான் நனாஸ் என்றாலே அன்னாசி ஊர். அங்கே அன்னாசி விளைந்ததற்கு முக்கியக் காரணம், மற்ற பயிர்கள் பிழைக்கச் சிரமப்படும் கரிச்சதுப்பு மண்ணில் அது பிழைக்கும். மலாயில் 'தானா கம்புட்'. பல ஆயிரம் ஆண்டுகளாக மட்காத வேரும் மரமும் நீரில் ஊறிக் குவிந்த மண் அது. பொந்தியான் மாவட்டத்தின் பல பகுதிகளில் இந்த மண் உண்டு. கடலோரத்திலோ மென்மையான களிமண்.

கரிச்சதுப்பு மண்ணில் வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கினால், மண் சுருங்கும். காற்றுப் பட்ட பகுதி மெல்ல மட்கிக் கரையும். அதனால் தரை இறங்கும். மேற்கு ஜொகூரின் விவசாய நிலங்களில் நடந்து 1997-ல் வெளியான ஓர் ஆய்வு, வடிகால் வெட்டி 28 ஆண்டுகளுக்குப் பிறகும் தரை ஆண்டுக்கு சராசரி 2 சென்டிமீட்டர் இறங்கியதைக் காட்டியது. பத்து ஆண்டில் 20 சென்டிமீட்டர், ஒரு படிக்கட்டு உயரம்.

வீட்டுக்கு இது என்ன செய்யும்? வீடு ஆழமான பைலிங் மேல் நிற்கும், சுலபத்தில் இறங்காது. ஆனால் கார் போர்ச், சுற்றியுள்ள சிமெண்ட் தளம், சாக்கடை, கேட் ஆகியவை பைலிங் இல்லாமல் மண்மேல் போடப்பட்டிருந்தால் மண்ணோடு சேர்ந்து இறங்கும். வீட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் இடைவெளி விழும், சாக்கடை சாயும், தரைக்குள் போகும் குழாய் ஒடியும். பின்னால் சமையலறையை நீட்டிக் கட்டுகிறவர்கள் செலவைக் குறைக்கப் பைலிங் போடாமல் விட்டால், புது அறை தனியாக இறங்கிப் பழைய சுவரிலிருந்து பிரிந்து நிற்கும்.

அதனால் இதைச் செய்யுங்கள். நீங்கள் வாங்கும் தாமானுக்குப் பக்கத்தில், பத்துப் பதினைந்து ஆண்டு பழைய தாமானுக்குள் நடந்து போங்கள். வீட்டு வாசற்படிக்கும் போர்ச்சுக்கும் நடுவில் பிளவு இருக்கா, கேட் தரையில் உரசுதா, சாக்கடைத் தண்ணீர் ஓடுதா, தேங்கி நிற்குதா என்று பாருங்கள். அந்த வீடுகள் சொல்வதுதான் உங்கள் வீட்டின் பத்தாண்டு எதிர்காலம். மேம்பாட்டாளரிடம் "வீட்டுக்கு பைலிங் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீங்க. "போர்ச்சுக்கும் பின் சமையலறைக்கும் இருக்கா?" என்று கேளுங்கள்.

வெள்ளம் வருமா?

பொந்தியானில் பல கம்போங்களின் பெயர் 'பாரிட்' என்று தொடங்கும். பாரிட் என்றால் வாய்க்கால். ஜாவாவிலிருந்தும் சுலாவேசியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் சதுப்பை வெட்டித் தண்ணீரை வடித்துத்தான் இங்கே நிலம் உண்டாக்கினார்கள். இன்றைக்கும் கரையோரத் தாழ்நிலம், கடல் பக்கம் உள்ள மண் அணையையும் நீர்க்கதவுகளையும் நம்பியே இருக்கிறது.

அந்தக் கதவுகள் வேலை செய்யும் விதம் எளிது. கடல் வற்றும்போது திறந்து உள்ளே உள்ள தண்ணீரை வெளியேற்றும். கடல் ஏறும்போது மூடி உப்புநீரைத் தடுக்கும். சிக்கல் வருவது இரண்டும் ஒன்றாகச் சேரும்போதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் கனமழையும் பெய்தால், கதவைத் திறக்க முடியாது, மழைநீர் போக வழி இருக்காது. மழை விட்ட பிறகும் தண்ணீர் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. 2023 மார்ச்சில் ஜொகூரின் பல மாவட்டங்கள் வெள்ளத்தில் சிக்கின. 2025 மார்ச்சிலும் மாநிலத்தில் மறுபடி வெள்ளம் வந்தது. தமிழில் 'பங்குனி வெயில்' என்போம். ஜொகூரில் பங்குனி மழையையும் கணக்கில் வைக்கணும்.

வீடு வாங்கும் முன் அந்த இடத்துக்கு மழை நாளில் ஒரு தடவை போங்கள், முடிந்தால் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி. பக்கத்து மளிகைக் கடைக்காரரிடம் "தண்ணி எதுவரைக்கும் வரும்?" என்று கேளுங்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்ஜிர்' இணையத்தளத்தில் ஆறுகளின் நீர்மட்டத்தை நேரடியாகப் பார்க்கலாம்.

காப்புறுதியையும் பாருங்கள். வங்கி எடுக்கச் சொல்லும் பாலிசி வெறும் தீ விபத்துக்கானதா, வெள்ளமும் சேர்ந்ததா என்று கேளுங்கள். மண் இறக்கத்துக்குப் பெரும்பாலும் தனியாகக் கட்டணம் கட்டித்தான் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சுவர் பிளந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

கிராந்தில் என்ன பார்க்கணும்?

மாவட்ட நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி' எனப்படும் அதிகாரபூர்வ தேடலைச் செய்யுங்கள், அல்லது வழக்கறிஞரைச் செய்யச் சொல்லுங்கள். கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம்?

இரண்டு, நிலம் குடியிருப்புக்கானதா, விவசாயத்துக்கானதா? விவசாய நிலத்தில் கட்டிய வீடு மலிவாக வரும். வங்கிக் கடன் கிடைப்பது சிரமம்.

மூன்று, மலாய் ரிசர்வ் நிலமா? அப்படி இருந்தால் மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு அது மாறாது. "பிறகு மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க. வேறொருவர் பெயரில் வாங்கி வைப்பதும் வேண்டாம். நாளைக்குச் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது.

நான்கு, பூமிபுத்ரா லாட்டா? அதை மற்றவர் வாங்க மாநில அனுமதி தேவை. அனுமதி எழுத்தில் வரும் முன் பணம் கொடுக்காதீர்கள்.

புது வீடு என்றால், மேம்பாட்டாளர் வீட்டு வசதி மேம்பாட்டுச் சட்டம் 1966-ன் கீழ் உரிமம் பெற்றவரா என்று தேசிய வீடமைப்பு இலாகாவின் இணையத்தளத்தில் பார்க்கலாம். எஸ்.பி.ஏ எனப்படும் கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் எந்தப் பெயரிலும் மேம்பாட்டாளர் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. 'புக்கிங்' என்றாலும் அதே விதிதான். தரைவீட்டை 24 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும், தாமதமானால் நஷ்டஈடு உண்டு. சாவி வாங்கிய பின் 24 மாதத்துக்குள் தெரியும் பழுதுகளை மேம்பாட்டாளரே சரிசெய்ய வேண்டும். மண் இறங்கும் ஊரில் இந்த 24 மாதம் ரொம்ப முக்கியம். மாதம் ஒருமுறை படம் எடுத்து வையுங்கள், புகாரை எழுத்தில் கொடுங்கள்.

பிள்ளைகளின் பள்ளி, பெரியவர்களின் மருத்துவம்?

பொந்தியானில் பெரும்பான்மை மலாய்க்காரர்கள், அடுத்து சீனர்கள். இந்தியர்கள் மிகக் குறைவு. கூலாயிலோ ஸ்கூடாயிலோ இருந்தது போல, தமிழ்ப்பள்ளி, கோயில், நம்ம மளிகைக் கடை எல்லாம் ஒரே தாமானைச் சுற்றி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பிள்ளை தமிழ்ப்பள்ளியில் படிக்க வேண்டும் என்பது உங்கள் முடிவு என்றால், வீட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அருகிலுள்ள பள்ளியையும் இடம் உண்டா என்பதையும் கேளுங்கள். பிறகு பள்ளிக்குப் போய், உங்கள் தாமான் பக்கம் வேன் வருமா, காலையில் எத்தனை மணிக்கு ஏற்றும், மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளை விடியற்காலை ஐந்தரைக்கு வேன் ஏற வேண்டியிருந்தால், அதையும் வீட்டு விலையோடு சேர்த்து எண்ணிப் பார்க்கணும். முதலாம் ஆண்டுப் பதிவும் பள்ளி மாற்றமும் கல்வி அமைச்சின் 'ஐடிமி' தளம் வழியாக நடக்கின்றன. முதலாம் ஆண்டுப் பதிவு முன்கூட்டியே நடப்பதால் தாமதிக்காதீர்கள்.

மாவட்டத்தில் அரசாங்கத்தின் பொந்தியான் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் நிபுணர் சிகிச்சைக்கு ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா அல்லது சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கோ, பத்து பகாட்டின் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனைக்கோ போக வேண்டியிருக்கும். வீட்டில் வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு செய்யும் பெரியவர் இருந்தால், அருகிலுள்ள மையத்தில் காலி இடம் உண்டா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

குடியேறிய பிறகு?

அடையாள அட்டையில் முகவரியை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். பள்ளிக்கும், அரசாங்க உதவிகளுக்கும் அந்த முகவரியைத்தான் கேட்பார்கள். வாக்குப் பதிவு தானாக மாறாது, தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்கணும். மதிப்பீட்டு வரியை ஆண்டுக்கு இருமுறை பொந்தியான் நகராண்மைக் கழகத்துக்கும், நில வரியை நில அலுவலகத்துக்கும் கட்ட வேண்டும்.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

வேலை பொந்தியானிலோ பெக்கான் நனாஸிலோ இருக்கிறது, அல்லது வீட்டிலிருந்தே வேலை, அல்லது ஓய்வுபெற்று அமைதியாக இருக்க ஆசை என்றால் பொந்தியான் உங்களுக்குப் பொருந்தும். இருவருமே தினமும் ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறீர்கள், பிள்ளைகள் சின்னவர்கள் என்றால், மலிவு விலை உங்களுக்கு அவ்வளவு மலிவு இல்லை.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு வழி: ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள், அந்த ஆறு மாதத்தில் ஒரு பருவமழை வருகிற மாதிரி. வாடகையில் போகும் சில ஆயிரம் வெள்ளி பெரிதாகத் தெரியலாம். ஆனால் வாடகை வீடு ஒத்துவரவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். 35 ஆண்டுக் கடனிலிருந்து அப்படிக் கிளம்ப முடியாது.